மலிவு டூரா, சொந்த ஏற்பாடா? வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கி இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: விமான டிக்கெட்டுக்கு மட்டும் ஆகிற தொகைக்கு ஓட்டல், பஸ், கைடு, காலை உணவு எல்லாம் சேர்த்து எட்டு நாள் டூர் என்று விளம்பரம் வருகிறது. இது எப்படிக் கட்டுப்படியாகும்? மோசடியா?

மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டூர் நிறுவனம் டிக்கெட்டையும் அறைகளையும் சீசன் இல்லாத மாதங்களுக்கு மொத்தமாக வாங்குகிறது. அதனால் விலை நன்றாகவே குறையும். ஆனால் அந்தக் குறைவுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கும் கீழே விலை போகிறதென்றால், மிச்சப் பணம் வேறு இடத்திலிருந்து வந்தாக வேண்டும். அது பெரும்பாலும் நீங்கள் போய் இறங்கிய பிறகு, உங்கள் பையிலிருந்தே வருகிறது.

உங்களை அனுப்பும் நிறுவனம், அந்த நாட்டில் இருக்கும் ஏஜென்ட்டிடம் குழுவை ஒப்படைக்கிறது. உண்மையில் ஆகும் செலவைவிடக் குறைந்த தொகைக்கு, சில சமயம் ஒரு பைசாகூட வாங்காமல், அந்த ஏஜென்ட் குழுவை ஏற்கிறார். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துக் குழுவை விலைக்கு வாங்குவதும் உண்டு. போட்ட பணத்தை அவர் கம்பளக் கடை, தோல் ஆடைக் கடை, நகைக் கடை ஆகியவற்றில் கிடைக்கும் கமிஷனில் எடுக்கிறார். கைடுக்குச் சம்பளம் இல்லாமலோ பெயரளவுக்கோதான் இருக்கும். கடையில் யாரும் எதுவும் வாங்கவில்லை என்றால் பஸ்ஸில் ஏறியதும் அவர் முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது நாம் கொடுத்த விலை.

இதற்கு 'பூஜ்ய டாலர் டூர்' என்றே பெயர் உண்டு. சீனா 2013 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த சுற்றுலாச் சட்டத்தின் 35வது பிரிவு, நியாயமற்ற அளவுக்கு மலிவான விலையில் ஆள் சேர்த்துக் கடைகளில் கமிஷன் எடுப்பதைத் தடை செய்தது. அப்படி வாங்க வைக்கப்பட்ட பொருளை, பயணம் முடிந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. தாய்லாந்து 2016ல் இந்த வகை டூர்களை நடத்தியவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. ஒரு நாட்டுச் சட்டத்திலேயே இடம் பிடிக்கும் அளவுக்குப் பரவிய பழக்கம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மொத்தம் எத்தனை கடை, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், எந்தெந்த இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறது, கைடுக்கும் டிரைவருக்கும் கட்டாய டிப்ஸ் எவ்வளவு, விருப்பமிருந்தால் தனிப் பணம் கட்டிப் போகும் ஆப்ஷனல் டூர்களின் பட்டியலும் விலையும், அவற்றுக்கு வராதவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வராதவர்களை நெடுஞ்சாலை ஓரக் கடையில் மூன்று மணி நேரம் இறக்கிவிட்டுப் போகும் டூர்கள் இருக்கின்றன.

பயணத் திட்டத்தில் வரும் சொற்களையும் கவனியுங்கள். 'பனோரமிக் டூர்' என்றால் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' என்றால் பத்துப் பதினைந்து நிமிடம். 'வெளியிலிருந்து பார்த்தல்' என்றால் உள்ளே விட மாட்டார்கள். 'இந்த ஓட்டல் அல்லது அதே தரத்தில்' என்றிருந்தால் அந்த ஓட்டல் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, நகர மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் அறை தருவார்கள் என்று கேளுங்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கினால் மாலையில் ஊரைச் சுற்றுவது என்பதே கிடையாது.

கேள்வி: டிசம்பரில் துருக்கிக்கு எட்டு நாள் பஸ் டூர் மலிவாகக் கிடைக்கிறது. இஸ்தான்புல், டிராய், எபேசஸ், பமுக்கலே, கொன்யா, கப்படோக்கியா, அங்காரா எல்லாமே உண்டு. சொந்தமாகப் போனால் இத்தனையும் பார்க்க முடியாது இல்லையா?

ஒரு தாளை எடுத்து மணி நேரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் போய் இறங்குவதற்கும் எட்டாம் நாள் கிளம்புவதற்கும் சரியாகிவிடும். நடுவில் இருப்பது ஆறு நாள். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. துருக்கி 2016லிருந்து ஆண்டு முழுவதும் கோடை நேரத்தையே (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது) வைத்திருப்பதால், இஸ்தான்புல்லில் விடியவே காலை எட்டேகால் தாண்டிவிடும். ஆக மொத்தம் 57 மணி நேரப் பகல்.

இனி தூரம். இஸ்தான்புல்லிலிருந்து டிராய் இருக்கும் சானக்கலே சுமார் 320 கி.மீ., அங்கிருந்து எபேசஸ் அருகிலுள்ள செல்சுக் 400, பமுக்கலே 190, கொன்யா 400, கப்படோக்கியாவின் கோரமே 230, அங்காரா 290, திரும்ப இஸ்தான்புல் 450. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,300 கி.மீ. வழியில் நிற்பதையும் சேர்த்துச் சராசரி 70 கி.மீ. வேகம் என்றால் 33 மணி நேரம் பஸ்ஸில். மதிய உணவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு. கம்பளம், தோல், நகை என்று மூன்று கடை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பதின்மூன்றரை மணி நேரம். இருட்டிலேயே கிளம்பி ஓட்டினால் இன்னும் சில மணி நேரம் கூடும், அவ்வளவுதான். பழங்கால நகரச் சிதைவான எபேசஸை மட்டும், மேல் வாசலில் நுழைந்து அங்குள்ள ரோமானியர் கால அடுக்கு வீடுகளையும் பார்த்துக் கீழ் வாசலில் வெளியே வர மூன்று மணி நேரம் வேண்டும்.

ஆக, அந்த டூரில் பட்டியலில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போய்விடுவீர்கள், ஆனால் எதையும் நின்று பார்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும், பஸ் ஜன்னலில் ஊர் ஓடுவதே பிடிக்கும் என்பவர்களுக்கு அது மோசமான வழியல்ல. டிராய், கொன்யா, அங்காரா மூன்றையும் அதே நாட்களில் சொந்த ஏற்பாட்டில் கோத்துப் போவது கஷ்டமும்கூட.

ஆனால் மூன்று ஊர் போதும் என்றால் கணக்கே மாறிவிடும். இஸ்தான்புல்லில் மூன்று இரவு. அங்கிருந்து கப்படோக்கியாவுக்கு அருகிலுள்ள கைசேரிக்கு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், கோரமேயில் இரண்டு இரவு. பிறகு இஸ்மிருக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் செல்சுக், அங்கே இரண்டு இரவு. டிக்கெட்டை இஸ்தான்புல்லில் இறங்கி இஸ்மிரிலிருந்து திரும்புவதாகப் போட்டால், வந்த வழியே திரும்பிப் போகும் அரை நாளும் மிச்சம். டாப்காபி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இஸ்தான்புல் நாட்களை அதற்கேற்ப வையுங்கள்.

கப்படோக்கியாவில் பலூன் ஏறும் ஆசை இருந்தால் இன்னொரு விஷயம். பலூன் பறக்கலாமா என்பதை ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்து விமானத் துறை அதிகாரிகள்தான் முடிவு செய்கிறார்கள். குளிர்காலத்தில் ரத்தாவது சகஜம். பஸ் டூரில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலை. அன்று காற்றடித்தால் அதோடு போயிற்று. சொந்தமாகப் போனால் முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள், ரத்தானால் அடுத்த காலை கையில் இருக்கும். இதற்காகவே கோரமேயில் மூன்றாவது இரவைக் கூட்டி, செல்சுக்கில் ஒன்றைக் குறைப்பதும் நல்ல யோசனைதான்.

கேள்வி: இரண்டு வழிகளின் செலவையும் சரியாக ஒப்பிடுவது எப்படி?

விளம்பர விலையை எதனோடும் ஒப்பிடாதீர்கள். டூர் பக்கம், அந்த விலையோடு விசா, காப்பீடு, கட்டாய டிப்ஸ், நீங்கள் நிச்சயம் போகப்போகும் ஆப்ஷனல் டூர்கள், சேராத வேளை உணவுகள், தனியாளாக இருந்தால் ஒற்றை அறைக்கான கூடுதல் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

சொந்த ஏற்பாட்டில் மக்கள் மறக்கும் செலவுகள் வேறு: செக்-இன் பெட்டிக்கான கட்டணம், அறை வாடகையில் சேராத நகர வரி, விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் செலவு. மலிவு விமானங்கள் இறங்கும் இடம் ஊர் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஊரில் இருக்காது. பாரிஸ் பெயரில் விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ.; ஃபிராங்க்ஃபர்ட் பெயரைத் தாங்கிய ஹான், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கி.மீ.

பழைய ஆலோசனைகளையும் நம்பிவிடாதீர்கள். ஜப்பானுக்குப் போனால் ரயில் பாஸ் வாங்கியே ஆக வேண்டும் என்பார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பத் தனி டிக்கெட் எடுத்தால் சுமார் 28,000 யென்தான். இன்னும் ஒரு நெடும்பயணமாவது இல்லாவிட்டால் பாஸ் நஷ்டம்.

கார்டு தேய்க்கும்போது மெஷின் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இங்குள்ள பணத்திலா' என்று கேட்கும். எப்போதும் இங்குள்ள பணத்திலேயே என்று அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்தக் கடைக்காரரின் மெஷின் நிர்ணயிக்கும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் பேக்கேஜே நல்லது என்று நினைக்கிறோம். சரிதானா?

மலிவு பஸ் டூர் என்றால் சரியில்லை. கூட்டிக்கொண்டு போவார்கள்; ஆனால் குழுவின் வேகத்துக்கு. காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு கீழே இறங்க வேண்டும், தினம் ஓர் ஓட்டல், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் இடம் வரை கல் பாவிய பாதையில் நடை. நாற்பது பேரில் ஒருவருக்காக நிற்க மாட்டார்கள்.

ஒரே ஊரில் நான்கைந்து இரவு, லிஃப்ட் உள்ள ஓட்டல், தேவைப்படும் நாளுக்கு மட்டும் டிரைவரோடு கார். வயதானவர்களுக்கு இதுதான் உடம்புக்கு ஒத்துவரும். ஓட்டலில் லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு, வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி உண்டா என்றும் எழுதிக் கேளுங்கள். பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் அரை மாடி ஏறிய பிறகே லிஃப்ட் தொடங்குவது உண்டு. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தேவை என்பதைக் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். அது இலவசம். எந்த வரிசையிலும் நிற்கத் தேவையில்லை என்பது இன்னும் பெரிய உதவி.

குழுவாகத்தான் போக வேண்டும் என்றால், ஒரு ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்கும் சிறு குழு டூராகப் பாருங்கள். விலை கூடுதல்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: பணம் கட்டிய நிறுவனம் மூடிவிட்டால்? அல்லது நாமே போட்ட டிக்கெட்டில் இணைப்பு விமானம் தவறிவிட்டால்? எதில் ஆபத்து குறைவு?

பேக்கேஜின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, நல்ல சட்டம் உள்ள நாட்டில் வாங்கியிருந்தால். பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டபோது, வெளிநாட்டில் இருந்த 1,40,000க்கும் மேற்பட்டவர்களை அந்நாட்டு விமானத் துறை ஆணையமே விமானம் அமர்த்தித் திரும்ப அழைத்து வந்தது. பேக்கேஜாக வாங்கியவர்களுக்கு அங்கே பணப் பாதுகாப்புத் திட்டமும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜ் பயணச் சட்டம் 2018 ஜூலை 1லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பதிவுக்குப் பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நீங்கள் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். போதிய ஆள் சேரவில்லை என்று டூரை ரத்து செய்வதானால், ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கு 20 நாள் முன்பே சொல்லியாக வேண்டும். விற்பவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வருகிறார், முன்பணத்துக்கு யார் பிணை என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கே பேக்கேஜுக்கு அந்தப் பலம் இல்லை.

இணைப்பு விமானம் பற்றி: இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்கலாம். தனித்தனியாக எடுத்தே தீர வேண்டுமென்றால் நடுவில் ஓர் இரவு தங்கும்படி போடுங்கள். இன்னொன்று: போக வர எடுத்த டிக்கெட்டில் போகும் பயணத்தைப் பயன்படுத்தாமல் விட்டால், திரும்பும் பயணத்தையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. பேக்கேஜில் போனவர்களுக்கும் இது பொருந்தும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: டூரில் சேர்ந்த பிறகு கடைகளுக்குப் போகாமல் குழுவிலிருந்து பிரிந்து சுற்றலாமா?

பெரும்பாலும் முடியும். முதல் நாளே கைடிடம் மரியாதையாகச் சொல்லி, அடுத்துக் குழு எங்கே, எத்தனை மணிக்கு இருக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்; சில மலிவு டூர்களில் உண்டு. குழு விசாவில் போயிருந்தால் மட்டும் பிரியவே கூடாது. ஒரே தாளில் எல்லோர் பெயரும் இருக்கும், சேர்ந்து நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் 'பத்திரமாக வைத்திருக்க' கொடுக்காதீர்கள்.

கேள்வி: காரை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாம் என்று இருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்?

சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு முக்கியமாக இரண்டு வகை: 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி இன்னொன்று. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். உதாரணமாக ஜப்பானில் 1949 வகைச் சீட்டுதான் செல்லும். பிணைத்தொகை பிடிக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி ஓட்ட, கணவர் கார்டு என்றால் கவுண்ட்டரில் நின்றுவிடும். இத்தாலியப் பழைய நகரங்களில் அனுமதி பெற்ற வாகனம் மட்டுமே நுழையும் பகுதிகள் உண்டு. கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், நுழைந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக. நகரத்துக்கு ரயில், கிராமப்புறத்துக்கு மட்டும் கார் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகப் போகும் பெண். துணிந்து சொந்தமாகப் போகலாமா? இல்லை, பேக்கேஜ் கட்டாயமாகும் இடங்களும் உண்டா?

போகலாம். இதுவா, அதுவா என்று யோசிக்கவே வேண்டாம். டிக்கெட்டும் அறையும் நீங்களே போட்டு, அங்கே போய் ஒருநாள் டூர்களில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். ஒற்றை அறைக் கூடுதல் கட்டணத்தைச் சேர்த்தால், தனியாகப் போகிறவருக்குப் பேக்கேஜின் விலைச் சலுகை பெரும்பாலும் கரைந்துபோகும். பகல் வெளிச்சத்தில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். முதல் இரண்டு இரவுக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். அந்த வழியை வரைபடச் செயலியில் இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த மறுநாள் காலை ஒரு நடைப் பயண டூரில் சேர்ந்தால் ஊரின் திசை பிடிபட்டுவிடும், கேள்வி கேட்க ஒரு மனிதரும் கிடைப்பார்.

டூரோடுதான் போக முடியும் என்ற இடங்களும் இருக்கின்றன. திபெத்துக்கு வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டும் ஏற்பாடு செய்த டூரும் இல்லாமல் நுழைய முடியாது. பெருவில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் சுமை தூக்குவோர் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்கே அனுமதி, அதுவும் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக. பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் கைடு கட்டாயம். இங்கெல்லாம் விலையில் பேரம் பேசுவதைவிட, சுமை தூக்குபவருக்கு எவ்வளவு கூலி, ஆளுக்கு எத்தனை கிலோ சுமை என்று கேளுங்கள். மலைப் பயணத்தை மலிவாக விற்பவர் முதலில் கை வைப்பது அந்தக் கூலியில்தான்.